உங்களுக்குத் தெரியுமா? தைராய்டு குறைவும் அதற்கான மருந்துகளும்

காலையில் கண் விழித்ததும் பாட்டிலைத் திறந்து ஒரு சின்ன மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கும் அம்மாவோ அத்தையோ அக்காவோ இல்லாத வீடு இன்று குறைவு. "தைராய்டு மாத்திரை" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அதற்குள் என்ன இருக்கிறது, வேறு மருந்து உண்டா, ஏன் வெறும் வயிறு, ஏன் ஆயுள் முழுக்க என்று யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. இந்த முறை துணுக்குகள் எல்லாமே அந்த மாத்திரையைப் பற்றித்தான்.

★ சென்னை உட்பட இந்தியாவின் எட்டு பெருநகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. பரிசோதித்த பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு. ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர்! அவர்களில் பலருக்கு, ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை அது இருப்பதே தெரியாது. கடலோர நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் பாதிப்பு சற்று அதிகம் என்பதும் அதில் தெரியவந்தது.

★ தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று பாட்டிலில் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே: லெவோதைராக்ஸின். கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி தினமும் சுரக்கும் டி4 ஹார்மோனும் இதுவும் அணு பிசகாமல் ஒரே பொருள். உடம்பு இதை வெளியிலிருந்து வந்ததாகப் பார்ப்பதில்லை. "இங்கிலீஷ் மருந்தை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சரியான அளவில் எடுக்கும்வரை, இல்லாததை ஈடுகட்டுவது மட்டுமே இந்த மாத்திரையின் வேலை.

★ தைராய்டு குறைவாக இருந்தால் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். ஏன் கூடுதலாக இருக்கிறது? பலரையும் குழப்பும் கேள்வி இது. டி.எஸ்.எச்.சைச் சுரப்பது தைராய்டு அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. "இன்னும் சுர" என்று தைராய்டுக்கு அது அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். அம்மா கூப்பிட்டுப் பிள்ளை வராவிட்டால் குரல் உயர்ந்துகொண்டே போகுமே, அதுபோல. மாத்திரை போதுமான அளவுக்கு வந்துவிட்டால் குரல் தணியும். மாத்திரை கூடிப்போனால் குரலே கேட்காத அளவுக்கு டி.எஸ்.எச். இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலான ஆய்வகங்கள் தரும் இயல்பு எல்லை ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை.

★ இந்தச் சிகிச்சை தொடங்கியது ஆட்டிலிருந்து. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் ரெட்மெய்ன் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டைச் சாறாக்கி ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு வயது 46. முகமும் கைகால்களும் வீங்கி, பேச்சு மந்தமாகி, குளிர் தாங்க முடியாமல் கிடந்தவர். சில மாதங்களில் எழுந்து நடமாடினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். அந்த ஒருவரின் ஆயுளுக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அதே வேலையைச் செய்யும் மாத்திரைக்கு நாளொன்றுக்குச் சில ரூபாய் போதும். இந்த நோயின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது அந்தப் பெண்ணின் கதைதான்.

★ அடுத்த ஆண்டே ஊசி தேவையில்லை, வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்று கண்டுபிடித்தார்கள். எட்வர்ட் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு: ஆட்டுத் தைராய்டில் பாதியை லேசாக வறுத்து, கொத்தி, பழ ஜெல்லியோடு வாரம் ஒருமுறை.

★ சுரப்பிக்குள் இருக்கும் சரக்கைத் தனியே பிரித்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த எட்வர்ட் கெண்டல். நாள், 1914 டிசம்பர் 25. மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். கொஞ்சம் என்று தோன்றும். ஆனால் 100 மைக்ரோகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் அது 3,30,000 மாத்திரை. ஒருவருக்கு 900 ஆண்டுகளுக்கும் மேல் வரும். அவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்யும் பொருள் என்பதால்தான் டாக்டர் 75-ஐ 88 ஆக்குவதற்குக்கூட அவ்வளவு யோசிக்கிறார்.

1927-இல் சார்லஸ் ஹேரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் பிரிட்டனில் இதை ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்தார்கள். உடல் எளிதாக உறிஞ்சக்கூடிய சோடியம் உப்பு வடிவம் 1949-இல் வந்தது. நம் கைக்கு வருவது அதுதான்.

★ சரி, லெவோதைராக்ஸின் தவிர வேறு மருந்தே கிடையாதா? உண்டு. உலக அளவில் நான்கு வழிகள் பேசப்படுகின்றன: டி4 மட்டும், டி3 மட்டும், இரண்டையும் சேர்த்து, பன்றித் தைராய்டை உலர்த்திப் பொடித்த மாத்திரை. இவற்றில் முதலாவதையே உலகம் முழுவதும் முதல் தேர்வாகக் கொடுக்கிறார்கள். விலை மலிவு என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை.

டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள், டி3-இல் மூன்று. செல்களுக்குள் உண்மையில் வேலை செய்வது டி3. அதை 1952-இல் லண்டனில் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டறிந்தார்கள். அப்படியென்றால் டி3-ஐயே கொடுத்துவிடலாமே என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். இரண்டையும் கலந்த மாத்திரைகளும் விற்பனைக்கு வந்தன. 1970-இல்தான் விஷயம் தெளிவானது. தைராய்டே இல்லாதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் டி3-யும் இருந்தது. உடம்பு தானாகவே டி4-இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றித் தனக்கு வேண்டிய டி3-ஐச் செய்துகொள்கிறது! ஆரோக்கியமாக இருப்பவர்களின் உடலிலும் டி3-இல் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 சதவீதம், இப்படித் தைராய்டுக்கு வெளியேதான் உருவாகிறது. சரக்கைக் கொடுத்தால் போதும், எங்கே எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த உறுப்பே பார்த்துக்கொள்கிறது.

★ டி3 மாத்திரைக்குப் பெயர் லயோதைரோனைன். ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டி3 ஒரே நாளில் குறைந்துவிடும். அதனால் டி3-ஐ மட்டும் நம்பினால் விழுங்கிய சில மணி நேரத்தில் அளவு சட்டென ஏறி, பிறகு இறங்கும். ஏறும்போது நெஞ்சு படபடக்கும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது ஆபத்து. சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும் இந்தக் குணமே பயன்படும் இடங்களும் உண்டு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர் அயோடின் சிகிச்சை எடுக்கும் முன் சில வாரங்களுக்கு டி4-ஐ நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது அதற்கு உதாரணம்.

★ "டி.எஸ்.எச். நார்மல்தான், ஆனாலும் எனக்கு அசதி போகவில்லை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களின் வார்த்தையை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டி4-உடன் கொஞ்சம் டி3 சேர்த்தால் மனநிலையும் சுறுசுறுப்பும் மேம்படுவதாக 1999-இல் ஓர் ஆய்வு வந்து பெரும் நம்பிக்கை கொடுத்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை உறுதிசெய்யவில்லை. ஐரோப்பியத் தைராய்டு சங்கம் 2012-இல் ஒரு நடுவழி சொன்னது. முதலில் அசதிக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும்: ரத்தசோகை, பி12, வைட்டமின் டி, தூக்கம், மனச்சோர்வு. எல்லாம் சரியாக இருந்தும் தொந்தரவு போகாவிட்டால், நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் கண்காணிப்பில் கூட்டு மருந்தை முயன்று பார்க்கலாம். மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்.

★ பிரிட்டனில் இந்த டி3 மாத்திரையின் ஒரு பெட்டி 2009-இல் 20 பவுண்டு. 2017-இல் 248 பவுண்டு! மருந்து மாறவில்லை, விலை மட்டும் ஏறியது. போட்டி இல்லாததைப் பயன்படுத்தி விலையை ஏற்றினார்கள் என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2021-இல் 10 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. இடைப்பட்ட காலத்தில் மருந்து கிடைக்காமல் தவித்த நோயாளிகளுக்கு அந்த அபராதத்தால் என்ன பயன்?

★ பன்றித் தைராய்டு மாத்திரையை "இயற்கையானது" என்று சொல்லி அமெரிக்காவில் இன்றும் விற்கிறார்கள். 60 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 38 மைக்ரோகிராம் டி4, 9 மைக்ரோகிராம் டி3. கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. மனிதத் தைராய்டு சுரப்பது பதினான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில். ஆக, பன்றிக்கு இயற்கையானது மனிதருக்கு டி3 மிகுதி. வேறு எதுவும் ஒத்துவரவில்லை என்று விரும்பிக் கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

★ 1984–85-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா, தெற்கு டகோட்டா, அயோவா மாநிலங்களில் ஆரோக்கியமாக இருந்த பலருக்குத் திடீரென்று தைராய்டு மிகுதி: படபடப்பு, எடைக்குறைவு, தூக்கமின்மை. துருவிப் பார்த்தால் காரணம் மாட்டிறைச்சிக் கொத்துக்கறி. மாட்டின் கழுத்துப் பகுதியை அரைத்தபோது தைராய்டும் சேர்ந்து அரைபட்டிருக்கிறது. சமைத்தும் ஹார்மோன் அழியவில்லை.

★ பிராண்டு மாற்றலாமா? உள்ளே இருப்பது ஒன்றுதான் என்றாலும் மாத்திரையைக் கட்டிச் சேர்க்கும் மற்ற பொருள்கள் வேறுபடும். உறிஞ்சப்படும் அளவும் கொஞ்சம் மாறலாம். பிரான்சில் 2017-இல் நடந்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏறக்குறைய 30 லட்சம் பேர் எடுத்துவந்த லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸுக்குப் பதில் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். நிலைத்தன்மைக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் அசதி, தலைச்சுற்றல், முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. நோயாளிகளுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே பழைய வகையை மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று. நமக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. ஒரே பிராண்டில் இருங்கள். மருந்துக்கடையில் "அது இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறு பாட்டில் கொடுத்து, அதையே தொடர நேர்ந்தால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள்.

★ ஏன் ஆறு வாரம்? டி4 மெதுவாகக் கரையும் பொருள் என்பதால் புதிய அளவு ரத்தத்தில் நிலைகொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும். பத்தாம் நாளே லேபுக்கு ஓடினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை, காசுக்கும் கேடு.

★ தைராய்டு முழுக்கச் செயலிழந்த பெரியவருக்கு உத்தேச அளவு: எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் நூறை ஒட்டி வரும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் அளவு உங்கள் அளவு ஆகாது.

★ எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இந்த மாத்திரைக்கு மிகப் பெரிய எதிரி காலைக் காபி. இத்தாலியின் மெசினா நகர மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையைக் காபியோடு விழுங்கியவர்களுக்கு உறிஞ்சப்படும் அளவு குறைவது தெரிந்தது. தண்ணீரோடு மாத்திரை, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபியும் டிபனும் என்பதே முறை. ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் பெண்களுக்கு இது எளிதல்ல என்று எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு வேறு வழி உண்டு: ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 2010-இல் வந்த ஆய்வில் இரவு மாத்திரை காலை மாத்திரையைவிடக் கூடுதலாகவே பலன் தந்தது. நோன்பு மாதத்திலும் இந்த வழி கைகொடுக்கும். எந்த நேரம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினமும் அதே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

★ ஒருநாள் மறந்துவிட்டால் பதறாதீர்கள். உடம்பில் ஒரு வாரத்துக்கான இருப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாதக்கணக்கில் நிறுத்துவது வேறு விஷயம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

★ மாத்திரைக்கு ஈரம், வெப்பம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரியும் குளியலறையும் அதற்கு இடமில்லை. பாட்டிலை இறுக மூடி வையுங்கள்.

★ முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறவர்கள் கவனிக்க: சில ஆய்வக முறைகளில் அது முடிவையே புரட்டிப்போடும். தைராய்டு மிகுதி போலப் பொய்யான எண் வரலாம். அதை நம்பி அளவைக் குறைத்துவிட்டால் சிக்கல். பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். டி4-உம் பார்ப்பதாக இருந்தால் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

★ எண் சற்றுக் கூடியிருந்தாலே மாத்திரை வேண்டுமா? 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்த அவர்களுக்கு லெவோதைராக்ஸின் கொடுத்தும், கொடுக்காதவர்களைவிட அசதியோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. தாத்தா பாட்டிக்கு 6 அல்லது 7 வந்தால் "கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்ப்போம்" என்று டாக்டர் சொல்வது அலட்சியம் அல்ல. தேவையில்லாத மாத்திரை, இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும், எலும்பைத் தேய்க்கும்.

★ உடல் எடையைக் குறைக்க இந்த மாத்திரையை எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் பெட்டிக்குள் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். தைராய்டு இயல்பாக உள்ளவர்கள் அதிக அளவில் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

★ "தைராய்டுக்கு இயற்கைத் தீர்வு" என்று விற்கும் பொடிகளும் கேப்ஸ்யூல்களும்? 2013-இல் அமெரிக்காவில் அப்படி விற்ற பத்து தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஒன்பதில் டி3, ஐந்தில் டி4 இருந்தது. எவ்வளவு என்று தெரியாமல் ஹார்மோனையே விழுங்கியிருக்கிறார்கள் மக்கள். தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணமான ஹஷிமோட்டோ நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியை அழிக்கிறது. ஜப்பானின் ஹஷிமோட்டோ ஹகாரு இதை 1912-இல் விவரித்தார். அப்படி அழிந்த சுரப்பியை எந்தக் கஷாயமும் முளைக்க வைக்காது. முட்டைக்கோஸ், காலிஃபிளவரைக் கண்டு பயப்படவும் வேண்டாம். வேகவைத்து வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம்.

★ எல்லோருக்கும் ஆயுள் முழுக்கவா? பெரும்பாலோருக்கு ஆம். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி, வைரஸ் காய்ச்சலை ஒட்டி வரும் அழற்சி, சில மருந்துகளால் வந்த குறைவு போன்றவை தானே சரியாகலாம். அதை முடிவுசெய்ய வேண்டியது டாக்டர்.

★ கர்ப்பம் உறுதியானால் முதல் போன் டாக்டருக்கு. வயிற்றுக் குழந்தையின் தைராய்டு வேலையைத் தொடங்கும்வரை, முதல் மூன்று மாதங்கள், அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4 ஒன்றே ஆதாரம். டி3 அந்த மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. டி3 மாத்திரையும் பன்றித் தைராய்டும் கர்ப்பத்தில் கூடாது என்பது இதனால்தான். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு வழக்கமாக 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டிவரும். வாரம் ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். காலை வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவு மற்றொன்று என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே வராது.

★ பிறக்கும்போதே தைராய்டு குறைவோடு வரும் குழந்தைகளும் உண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்கும், அதிகம் அழாது, "சமர்த்துப் பிள்ளை" என்பார்கள். சிகிச்சை தாமதமானால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகப் பாதிக்கப்படும். கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோ 1970-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்: குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்திப் பரிசோதிப்பது. இன்று பல நாடுகளில் ஒவ்வொரு சிசுவுக்கும் இதைச் செய்கிறார்கள். குறைவு தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துப் பாலாடையில் கொடுக்கத் தொடங்குவார்கள். அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போலவே வளரும், படிக்கும். உங்கள் வீட்டில் பிரசவம் என்றால், தாயையும் சேயையும் அழைத்துவரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "குழந்தைக்குத் தைராய்டு பார்த்துவிட்டீர்களா?"